மாத்தளையில் பிறந்த இடதுகைக்காரர் யார்?

மாத்தளையில் பிறந்து இலங்கை டெஸ்ட் அணிக்கு ஆடிய இடதுகைக்காரர் யார்? இரத்தோட்டை பஸ் தரிப்பிடத்திலோ சலூனிலோ இந்தக் கேள்வியைப் போட்டால், கேட்டு முடிக்கும் முன்பே விடை வந்துவிடும்: குமார் சங்கக்கார. 1977 ஒக்டோபர் 27ஆம் திகதி மாத்தளையில் பிறந்தவர். 134 டெஸ்ட் போட்டிகளில் 12,400 ஓட்டங்கள், 38 சதங்கள். மறுக்க ஏதுமில்லை. ஆனால் கேட்டவர், "அவரு இல்லண்ணே, இன்னொருத்தரு இருக்காரு" என்று சொன்னால்தான் ஆட்டம் சூடுபிடிக்கும். "பேட்ஸ்மேன் இல்ல, பந்து போடுறவரு" என்பார். யாருக்கும் பெயர் வராது. "பேருக்கு முன்னால ஆறு இனிஷல்" என்று அடுத்த க்ளூ விழும். அப்போது மூலையில் இருக்கும் ஒருவர் தொடையைத் தட்டிக்கொண்டு, "அட, நம்ம வெலகெதர!" என்பார்.

யு. டபிள்யூ. எம். பி. சி. ஏ. வெலகெதர. 1981இல் மாத்தளையில் பிறந்த இடதுகை வேகப்பந்துவீச்சாளர். 2007 டிசம்பரில் காலியில் இங்கிலாந்துக்கு எதிராக அறிமுகமாகி, மொத்தம் 21 டெஸ்ட் போட்டிகளில் 55 விக்கெட்டுகளைக் கைப்பற்றியவர். ஒரே மாவட்டத்துக்காரர்கள் இருவர். ஒருவர் உலகம் அறிந்தவர், மற்றவர் பக்கத்து ஊர்க்காரர்களே யோசித்துச் சொல்லவேண்டியவர்.

முன்னாள் வீரர் ஒருவரை மனதில் வைத்துக்கொண்டு, குறிப்புகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து மற்றவர்களைக் கண்டுபிடிக்கச் சொல்லும் இந்த விளையாட்டுக்கு நம்மிடம் தனிப் பெயர் கிடையாது. ஆனால் கிரிக்கெட் பார்க்கும் ஊரெல்லாம் இது உண்டு. மாத்தளையிலிருந்து ரிவர்ஸ்டன் பக்கம் ஏறும் வீதியில், மிளகுக்கும் கராம்புக்கும் சாதிக்காய்க்கும் விலை பேசும் இரத்தோட்டைக் கடைத்தெருவில் உண்டு. மேலே தோட்டத்து லயங்களிலும் உண்டு. மென்பந்துச் சுற்றுப்போட்டியை மழை நிறுத்திவிட்ட பிற்பகலில், கூடாரத்துக்குள் ஒதுங்கி நிற்கும் இரண்டு அணிக்காரர்களும் பெரும்பாலும் இதில்தான் வந்து நிற்பார்கள். இதைப் பொழுதுபோக்கு என்று சொல்லி ஒதுக்க எனக்கு மனமில்லை. ஓர் அணியின் வரலாறு புத்தகத்துக்குப் போகும் முன் ரசிகர்களின் வாயில்தான் வாழ்கிறது. யாரைப் பற்றிக் கேள்வி கேட்கிறோமோ அவர் நிலைக்கிறார்; யாரைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லையோ அவர் ஒரு தலைமுறைக்குள் மறைந்துபோகிறார். ஆகவே நம் ரசிகர்கள் எதைக் கேட்கிறார்கள், எதைக் கேட்காமல் விடுகிறார்கள் என்பதைக் கவனித்துப் பார்க்கவேண்டியிருக்கிறது.

இந்த விளையாட்டை உலகிலேயே விரிவாக வளர்த்தவர்கள் அமெரிக்காவின் பேஸ்போல் ரசிகர்கள். அதற்கு அடித்தளம் போட்டவர் கிரிக்கெட்டிலிருந்து போனவர் என்பது நமக்கு உவப்பான செய்தி. 1824இல் இங்கிலாந்தில் பிறந்த ஹென்றி சாட்விக், சிறுவயதில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, முதலில் கிரிக்கெட் செய்தியாளராக எழுதி, பின்னர் பேஸ்போலுக்கு மாறியவர். கிரிக்கெட் ஓட்ட அட்டையின் வழியிலேயே பேஸ்போலுக்கும் ஓர் அட்டவணையை அவர் அமைத்தார். எந்த ஆட்டத்தில் எவர் என்ன செய்தார் என்பது பத்திரிகையில் அச்சாகத் தொடங்கியதும் ரசிகரின் ஞாபகத்துக்குத் தீனி கிடைத்தது. பிறகு சூயிங்கத்தோடு வீரர் அட்டைகள் வந்தன. அவற்றின் பின்பக்கத்திலே கேள்வி பதிலும் அச்சாகின.

2023இல் பிரயன் மின்டர் என்பவர் உருவாக்கிய 'இமாகுலேட் கிரிட்' இந்த மரபின் அண்மைக் கிளை. மேலே மூன்று, பக்கத்தில் மூன்று எனத் தலைப்புகள். நடுவே ஒன்பது கட்டங்கள். தலைப்புகள் பெரும்பாலும் அணிகளின் பெயர்கள். இரண்டு அணிகள் சந்திக்கும் கட்டத்தில் அந்த இரண்டுக்கும் ஆடிய ஒரு வீரரின் பெயரை எழுதவேண்டும். ஒன்பது கட்டத்துக்கு ஒன்பதே வாய்ப்பு. சில மாதங்களுக்குள் பெரிய புள்ளிவிபர நிறுவனமான ஸ்போர்ட்ஸ் ரெஃபரன்ஸ் அதை வாங்கிவிட்டது. அதில் ஒரு விதி என்னை மிகவும் கவர்ந்தது: மற்றவர்கள் எழுதாத பெயரை எழுதினால் மதிப்பு கூடும். நட்சத்திர வீரரை எழுதினாலும் கட்டம் நிரம்பும். ஆனால் இரண்டு பருவம் மட்டும் ஆடிவிட்டு ஊர் திரும்பிய ஒருவரை ஞாபகத்திலிருந்து எடுத்து எழுதுபவருக்கே பெருமை. மறக்கப்பட்டவரை மீட்பவருக்குப் பரிசு தரும் விளையாட்டு அது.

அந்தக் கட்டங்களை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. பேஸ்போல் வீரர் ஒருவர் தன் காலத்தில் நான்கைந்து கழகங்கள் மாறுவார். அந்த மாற்றங்களே அங்கே கேள்விகளாகின்றன. நாம் பேசும் முன்னாள் வீரர்களோ பெரும்பாலும் ஒரே நாட்டு அணிக்கு ஆடியவர்கள். அதனால் இலங்கை ரசிகரின் குறிப்புகள் வேறு பக்கம் வளர்ந்தன. முதலெழுத்து ஒன்று, பள்ளிக்கூடம் இன்னொன்று.

முதலெழுத்தைக் கொண்டு விளையாட இலங்கையை விட்டால் வேறு நாடு கிடையாது. டபிள்யூ. பி. யு. ஜே. சி. என்றால் வாஸ் என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். முதல்தரப் போட்டிகளில் ஆடிய அமுனுகமவுக்குப் பெயருக்கு முன் பத்து எழுத்துகள். அவற்றை வரிசை தவறாமல் சொல்வதே ஒரு பந்தயம். இவற்றுள் அழகான கேள்வி டில்ஷானுடையது. களுத்துறையில் பிறந்தபோது அவர் துவான் மொகமட் டில்ஷான். பின்னர் திலகரத்ன முதியான்சேலாகே டில்ஷான் ஆனார். ஓட்ட அட்டையில் மட்டும் எதுவும் மாறவில்லை, அன்றும் டி. எம்., இன்றும் டி. எம். மலாயர் ஒருவருக்கும் சிங்களப் பெண்மணி ஒருவருக்கும் பிறந்த மகனின் வாழ்க்கை அந்த இரண்டு எழுத்துக்குள் இருக்கிறது. இப்படியான கேள்விக்கு விடை கிடைத்த பிறகும் பேச்சு முடியாது. சுற்றியிருப்பவர்கள் அவரைப் பற்றித் தொடர்ந்து பேசுவார்கள்.

பள்ளிக்கூடக் குறிப்பு இன்னும் வலுவானது. இலங்கையில் ஒரு வீரரின் முதல் கழகம் அவருடைய கல்லூரிதான். 1996 உலகக் கிண்ண இறுதிப்போட்டியில் ஆடிய நாலந்தா கல்லூரி மாணவர் மூவரைச் சொல் என்றால், குருசிங்க, மஹாநாம, தர்மசேன. கண்டி திரித்துவக் கல்லூரியிலும் கொழும்பு றோயல் கல்லூரியிலும் படித்து, நாட்டின் முதல் டெஸ்டில் ஆடி, பின்னர் உலகமெங்கும் போட்டி மத்தியஸ்தராகச் சென்றவர் யார் என்றால் ரஞ்சன் மடுகல்ல. வடக்கில் யாழ். மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையிலான பெரும் சமரைச் சுற்றியும் இப்படியே கேள்விகள் உண்டு.

இந்தக் குறிப்பு எங்கள் பக்கத்துக்கு வரும்போது வலிக்கிறது. எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டால் விடையாகச் சொல்ல ஒரு தோட்டப் பாடசாலையின் பெயர் இந்த விளையாட்டில் வருவதில்லை. சரிவில் கட்டிய பள்ளிக்கூடத்துக்குச் சமதளமான மைதானம் ஏது? கடினப்பந்து, கால்காப்பு, பயிற்றுநர், கொழும்புக்குப் போகும் பஸ் காசு, எல்லாம் சேர்ந்தால்தான் ஒரு பையன் தெரிவுக்குழுவின் கண்ணில் படுவான். தோட்டத்துப் பிள்ளைகள் மென்பந்தில் காட்டும் திறமையைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ரசிகர்களின் கேள்விகளில் எங்கள் பாடசாலைகள் இல்லை என்பது அந்தப் பிள்ளைகளின் குறை அல்ல. வாய்ப்பு எங்கே நின்றுவிட்டது என்பதற்கான சாட்சி.

முத்தையா முரளிதரனைச் சொல்வார்கள். அவருடைய பாட்டனார் 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு மலைநாட்டுக்கு வந்தவர். ஆகவே அவர் எங்கள் கதையின் ஒரு பகுதிதான். ஆனால் தந்தையார் குண்டசாலையில் பிஸ்கட் தொழிற்சாலை நடத்தியவர். மகன் படித்தது கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில். முரளியைப் பற்றிக் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் 800 என்ற எண்ணோடு நின்றுவிடுகின்றன. அவரைப் பற்றிய 2023ஆம் ஆண்டுத் திரைப்படத்துக்கும் அதுவே பெயர். எனக்கோ வேறு கேள்விகள்தான் பிடிக்கும். பள்ளிக்கூடத்தில் அவர் முதலில் மிதவேகப் பந்துவீச்சாளர். பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ சொல்லித்தான் சுழற்பந்துக்கு மாறினார். 1992 ஓகஸ்டில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக அவர் வீழ்த்திய முதல் விக்கெட் கிரெய்க் மக்டெர்மொட்டுடையது. 2010 யூலை 22இல் காலியில் கடைசி விக்கெட் பிரக்யான் ஓஜா, பிடியெடுத்தவர் மஹேல. முதல் விக்கெட் எவர் என்று கேட்டால் பத்துப் பேரில் ஒருவர்கூடச் சொல்லமாட்டார். 800ஆவது எவர் என்றால் பாதிப் பேர் சொல்வார்கள்.

குறிப்பு வைத்து ஊகிப்பதை விட்டால் அடுத்தது பதினொருவரை நிரப்புவது. 1996 மார்ச் 17, லாகூர். ஜயசூரிய, களுவிதாரண, குருசிங்க, அரவிந்த, அர்ஜுன, திலகரத்ன, மஹாநாம, வாஸ், தர்மசேன, முரளி, விக்ரமசிங்க. இதை மூச்சு விடாமல் ஒப்பிப்பவர்கள் ஏராளம். ஆனால் அந்தக் குழுவில் 14 பேர் இருந்தார்கள். அன்றைய பதினொருவரில் இடம்பெறாத மூவர் மாவன் அத்தபத்து, உபுல் சந்தன, ரவீந்திர புஷ்பகுமார. உலகக் கிண்ணம் அவர்களுடையதும்தான். 'அந்த மூவர் யார்?' என்ற கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது.

அதைவிடக் கனமான பதினொருவர் 1982 பெப்ரவரி 17இல் பி. சரவணமுத்து மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக இறங்கியவர்கள். பந்துல வர்ணபுர தலைவர். சிதத் வெத்தமுனி, றோய் டயஸ், துலீப் மெண்டிஸ், மடுகல்ல, பள்ளி மாணவனாக இருந்த அர்ஜுன, சோமச்சந்திர டி சில்வா, அசந்த டி மெல், லலித் களுபெரும, அஜித் டி சில்வா, விக்கெட் காப்பாளர் மஹேஸ் குணதிலக்க. கேட்டால் எல்லோரும் ஏழு பேர் வரை வருவார்கள். மிச்சம் நான்கு பெயர்கள் ஏன் வாயில் வருவதில்லை?

அதே 1982இல், நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாபிரிக்காவுக்கு இலங்கை வீரர்கள் 14 பேர் சென்று ஆடினார்கள். அங்கே போவதில்லை என்று கிரிக்கெட் உலகம் முடிவெடுத்திருந்த காலம். திரும்பி வந்தவர்களுக்கு 25 ஆண்டுத் தடை. வர்ணபுர, களுபெரும, அஜித் டி சில்வா, குணதிலக்க ஆகிய நால்வரும் அந்தப் பயணத்தில் இருந்தார்கள். நாட்டின் முதல் டெஸ்ட் தொப்பியை அணிந்த தலைவரின் டெஸ்ட் வாழ்க்கை அந்த ஆண்டோடு முடிந்தது. தடை பின்னாளில் நீக்கப்பட்டாலும், ஞாபகம் பழையபடி திரும்பவில்லை. அவர்கள் செய்தது சரி என்று நான் வாதாட வரவில்லை. நிறவெறியோடு கைகுலுக்கியது தவறு. ஆனால் பெயரை அழித்துவிட்டால் தவறும் சேர்ந்து அழிகிறது. பிறகு வரும் பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்றே தெரியாமல் போகிறது.

அந்த நாற்காலிகள் காலியானதும்தான் வேறு சிலருக்கு இடம் கிடைத்தது. 1983 மார்ச்சில் நியூசிலாந்து சென்ற அணி, சோமச்சந்திர டி சில்வாவின் தலைமையில் கிரைஸ்ட்சேர்ச்சிலும் வெலிங்டனிலும் இரண்டு டெஸ்ட் ஆடியது. அதில் இரண்டு தமிழர்கள் அறிமுகமானார்கள். ஒருவர் வேகப்பந்துவீச்சாளர் வினோதன் ஜோன். ஆறே டெஸ்ட், 28 விக்கெட்டுகள். சராசரி 22க்கும் கீழே. இந்த எண்ணைச் சொல்லி ஆள் யார் என்று கேட்டால், கேட்பவர்கள் வெளிநாட்டுப் பெயர்களைத் தேடுவார்கள். மற்றவர் ஸ்ரீதரன் ஜெகநாதன், இடதுகைச் சுழற்பந்துவீச்சாளர். அந்த இரண்டு டெஸ்டும் ஐந்து ஒருநாள் போட்டிகளுமே அவருக்கு வாய்த்தன. 1996 மே 14இல், 44 வயதில் காலமானார். இலங்கை டெஸ்ட் வீரர்களில் முதலில் இறந்தவர் அவர். நாடு உலகக் கிண்ணத்தைக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது அவருடைய மறைவு எத்தனை பேரின் காதில் விழுந்திருக்கும்?

அந்தத் தலைமுறைக்கும் முன்னால் ஒருவர். 1915இல் பிறந்த மகாதேவன் சதாசிவம். 1947இல் சென்னை சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ஓட்டங்கள். 1948இல் இங்கிலாந்து போகும் வழியில் கொழும்பில் இறங்கிய பிராட்மனின் அணிக்கு எதிராக இலங்கையின் தலைவர். அந்த ஆட்டத்தில் ஆடுகளம் 22 யாருக்குப் பதிலாக 20 யார் நீளமே இருந்தது என்பதை அவுஸ்திரேலியப் பந்துவீச்சாளர்கள்தான் கண்டுபிடித்தார்கள். பின்னர் சதாசிவம் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் தலைமை தாங்கினார். மூன்று நாட்டு அணிகளுக்குத் தலைவராக இருந்தவர் யார் என்பது எங்கள் கேள்விகளிலேயே மகுடம் போன்றது. டெஸ்ட் தகுதி 1981இல் கிடைத்தபோது அவர் இறந்து நான்கு ஆண்டுகள். ஆனால் அவர் பெயரைச் சொன்னதும் பலருக்கு ஞாபகம் வருவது, மனைவியின் கொலை தொடர்பாக அவர் மீது நடந்து 1953இல் விடுதலையில் முடிந்த வழக்கு. ஒரு துடுப்பாட்டக்காரரின் ஓட்டங்களை நீதிமன்றச் செய்தி மூடிவிட்டது.

பிராட்மன் ஆடிய மைதானமும் முதல் டெஸ்ட் நடந்த மைதானமும் 2015 ஓகஸ்டில் சங்கக்கார விடைபெற்ற மைதானமும் ஒன்றே. அதன் பெயருக்குரிய பாக்கியசோதி சரவணமுத்து, இலங்கைக் கிரிக்கெட் கட்டுப்பாட்டுச் சபையின் முதல் தலைவர். தமிழர். பெயரைத் தினமும் உச்சரிக்கும் வர்ணனையாளர்களிடம்கூட யாரும் இதைக் கேட்பதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. 'இலங்கைக்கு ஆடிய தமிழர்கள் யார் யார்?' என்ற கேள்வி இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. ரசல் ஆர்னோல்ட் சேர்வாரா, அஞ்சலோ மத்தியூஸ் பாதியா முழுசா என்று வாக்குவாதம் நடக்கிறது. தந்தை வழி, தாய் வழி என்று அளந்து பார்க்கும் இந்தப் போக்கு எனக்கு உடன்பாடில்லை. மறந்துபோன வீரரை மீட்பதற்காகக் கேட்டால் நல்ல கேள்வி. இனக் கணக்கு எடுப்பதற்காகக் கேட்டால் கெட்ட கேள்வி. 2011இல் லோர்ட்ஸில் கவுட்ரி நினைவுரை ஆற்றிய சங்கக்கார, 1983 கலவரத்தின்போது தன் தந்தை 35 தமிழ் நண்பர்களைக் கண்டி வீட்டில் மறைத்து வைத்துக் காப்பாற்றியதைச் சொன்னார். மாத்தளையில் பிறந்த அந்த மனிதரைப் பற்றி ஊகிக்கச் சொல்வதென்றால், 12,400ஐ விட இந்தக் குறிப்பையே நான் முன்வைப்பேன்.

ஞாபகம் பிசகுவதும் இந்த விளையாட்டோடு கூடப் பிறந்தது. மாவன் அத்தபத்து முதல் ஆறு இன்னிங்ஸிலும் பூஜ்ஜியம் என்று பலர் அடித்துச் சொல்வார்கள். உண்மையில் ஐந்து பூஜ்ஜியம், ஓர் ஒன்று. 1990இல் தொடங்கி 1994 வரை அந்த ஒற்றை ஓட்டத்தோடு இருந்தவர், பிறகு ஆறு இரட்டைச் சதங்கள் அடித்தார். அந்த ஒன்றை மறந்து பூஜ்ஜியம் ஆக்குவது அவருக்குச் செய்யும் அநியாயம். கையில் தொலைபேசி இருப்பதால் இப்போது இவற்றை உடனே சரிபார்க்கலாம். தொலைபேசி வந்ததால் விளையாட்டு கெட்டது என்பவர்களோடு நான் ஒத்துப்போகவில்லை. கேள்வி ஓடும்போது அதைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, விடை சொன்ன பிறகு எடுத்துப் பார்த்தால் போதும்.

அதற்கு முன் எங்களுக்கு வானொலியும் பத்திரிகையும்தான். வீரகேசரியின் விளையாட்டுப் பக்கத்தைக் கத்தரித்துக் கொப்பியில் ஒட்டிய தலைமுறை ஒன்று இன்னும் இருக்கிறது. இலங்கை வானொலியில் பழகி, பின்னர் தமிழகத்தில் கிரிக்கெட்டைத் தமிழில் வர்ணித்த சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் குரலில் ஆட்டம் கேட்டவர்களுக்கு வீரர்களின் பெயர்கள் முகம் பார்க்காமலே மனப்பாடம்.

இவ்வளவு பேசும் ஆண்கள் எவரும் கேட்காத கேள்வி ஒன்றுண்டு. இலங்கை மகளிர் அணி தன் வரலாற்றில் ஒரேயொரு டெஸ்ட் ஆடியிருக்கிறது: 1998 ஏப்ரலில், கொழும்பில், பாகிஸ்தானுக்கு எதிராக. அதில் வென்றும் இருக்கிறது. அந்த ஒரே டெஸ்டில் சதமும் அடித்து, ஒரு இன்னிங்ஸில் ஐந்து விக்கெட்டும் எடுத்தவர் சமனி செனவிரத்ன. பிற்காலத்தில் ஐக்கிய அரபு இராச்சிய அணிக்கும் ஆடினார். ஆண் ஒருவர் இதைச் செய்திருந்தால் இந்தக் கேள்வி எப்போதோ பழசாகியிருக்கும்.

தோட்டங்களில் சுற்றுப்போட்டி நடத்தும் கழகங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பகல் சாப்பாட்டு இடைவேளையில் அரை மணி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். ஒரு வீரருக்கு மூன்று குறிப்பு; கடினமானது முதலில், எளிதானது கடைசியில். எவரும் சொல்லாத பெயரைக் கொண்டுவரும் பிள்ளைக்குக் கூடுதல் புள்ளி. விடை தெரியாவிட்டால், கேட்டவர் அந்த வீரரைப் பற்றி ஒரு நிமிடம் பேசவேண்டும். மாதிரிக்கு ஒன்று. முதல் குறிப்பு: டெஸ்ட் ஆடவே இல்லை, 19 ஒருநாள் போட்டிகள் மட்டும். இரண்டாவது: 1984இல் மொரட்டுவையில் நியூசிலாந்துக்கு எதிராக அறிமுகம். மூன்றாவது: அன்று 26 ஓட்டங்களுக்கு 5 விக்கெட், ஒருநாள் அறிமுகத்திலேயே ஐந்து விக்கெட் எடுத்த உலகின் முதல் பந்துவீச்சாளர். அதற்குப் பிறகும் யாரும் வாய் திறக்காவிட்டால் பெயரைச் சொல்லிவிடுங்கள்: உவைஸ் கர்னைன்.